ஒன்பது வருஷம் கேஷுவல்

பிரஸ் ஷாப்பில் சத்தம் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்கள் ஷிஃப்ட் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் இடம் அது. நான் உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸில் மேஜை மேல் வைத்த தண்ணீர் டம்ளர்கூட அந்தத் தட்டலுக்கு நடுங்கும். அன்று காலை பத்தரை, பதினொன்று இருக்கும். டம்ளர் அசையாமல் நின்றது.

யாரோ ஓடி வந்து, "மேடம், கன்னியப்பன் வலது கை மெஷின்ல மாட்டிகிச்சி, வெரலு போச்சி, சீக்கிரம் ஃபோன் போடுங்க" என்றார்.

பர்சனல் மேனேஜருக்கு உள் ஃபோனில் சொன்னேன். "சார், பிரஸ் ஷாப்ல ஆக்சிடென்ட். ஒருத்தருக்கு வலது கை விரல் போயிடுத்து. வண்டி வேணும் சார்."

அவர் கேட்டது இதுதான்: "பர்மனென்ட்டா, கேஷுவலா?"

"கேஷுவல் சார்."

"அப்பாடா" என்றார்.

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறார்கள். எல்லாம் மறந்துவிட்டது. என்னைத் திட்டாத, யாரையுமே திட்டாத இந்த "அப்பாடா" மட்டும் மறக்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

கம்பெனி வேன் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும், தினக்கூலி கேஷுவலுக்கு இல்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கன்னியப்பனை ஸ்கிராப் ஏற்றும் டெம்போவில் ஏற்றினார்கள். இரும்புத் துண்டுகளை ஓரமாகத் தள்ளி, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் உட்காரவைத்தார்கள். வலது கையைச் சுற்றியிருந்த துணி யாருடைய சட்டை என்று தெரியவில்லை.

நான் எழுதிய பெயர்கள்

அது எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிய வருஷம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். அதே வருஷம் அதே ஊரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வடக்குப்பட்டுக்காரர் ஒருவரின் நாலு விரல் போனதை எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இன்றைக்கு அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அப்போது அது எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வல்லம் வடகால் பக்கமெல்லாம் நெல் வயல். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரக் கொட்டகை. அதில் ஒரு கொட்டகையில் எனக்கு வேலை. அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். எங்கள் வீட்டிலிருந்து ஃபேக்டரி வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்கு மண்டைக்கனம் உண்டு.

டைம் ஆபீஸ் என்றால் யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுகிற இடம். அந்தப் பதிவேட்டுக்கு மஸ்டர் என்று பெயர். தினமும் காலையில் நான் பெயரைக் கூப்பிடுவேன், ஆள் வந்து கையெழுத்துப் போடுவார். சுலபமான வேலைதான். ஆனால் அதில் ஒரு அயோக்கியத்தனம் இருந்தது.

ஒருவரைத் தொடர்ந்து இத்தனை நாள் வேலை வாங்கினால் அவருக்கு உரிமை வந்துவிடும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாள் நெருங்கும்போது கம்பெனி என்ன செய்யும் தெரியுமா? ஆளை நிறுத்தாது. பெயரை நிறுத்தும். கன்னியப்பன் என்ற பெயரை மஸ்டரில் அடித்துவிட்டு, அடுத்த நாளே அதே ஆளை வேறு பெயரில் எழுதச் சொல்வார்கள். மெஷின் அதே மெஷின், ஆள் அதே ஆள். காகிதத்தில் மட்டும் புது ஆள்.

பெயரை ஆட்களே கொண்டுவர வேண்டும். சித்தப்பா பெயர், பங்காளி பெயர், செத்துப்போன அப்பா பெயர். கன்னியப்பன் ஒன்பது வருஷம் அங்கே வேலை செய்தார். நான் சேர்ந்த பிறகு மட்டும் நாலு பெயரில் அவரை எழுதியிருக்கிறேன். எல்லாம் என் முத்தான கையெழுத்தில்.

பேரு டீ

இந்த அக்கிரமத்தை அவர்கள் ஒரு விசேஷமாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். பெயர் மாறிய ஆள் அன்று பிரஸ் ஷாப்புக்கே டீ வாங்கித் தர வேண்டும். அதற்குப் "பேரு டீ" என்று பெயர். டீ வந்ததும் இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் புதுப் பெயரைக் காதில் மூன்று தரம் சொல்வார், பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி.

"வேலு, வேலு, வேலு. நல்லா ஏறிச்சா? நாளிக்கி மேடம் கூப்டா பேந்த பேந்த முழிக்காத."

முழித்தார்தான். மறுநாள் "வேலு" என்று நான் நாலு தரம் கூப்பிட்டேன். கன்னியப்பன் எதிரிலேயே பீடியை அணைத்துக்கொண்டு நிற்கிறார். யாரோ முதுகில் தட்டிய பிறகு, "அட, நான்தானா? இன்னா மேடம் பண்றது, வூட்ல இன்னும் பழைய பேருதான் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் ஒரு கிளாஸ் பேரு டீ வரும், ஏலக்காய் போட்டு. வாங்கிக் குடித்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நானும் அந்த மேனேஜரும் ஒன்றுதான்.

கடைசியாக அவர் கொண்டுவந்த பெயர் ஏழுமலை. மனைவி சரோஜாவின் தம்பி. வடக்குப்பட்டிலேயே இரண்டு மாடும் கொஞ்சம் குத்தகை நிலமுமாக இருந்தவர். "மச்சான்கிட்ட கேட்டேன் மேடம். பேருதான மாமா, எத்துகினு போன்னான்" என்று கன்னியப்பன் சொன்னார். நான் எழுதினேன். அந்த மாதமே பிரஸ் கையில் விழுந்தது. ஆபரேட்டரின் கையை மறிக்க அந்த மெஷினில் ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். உற்பத்தி வேகம் குறைகிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள்.

சிவப்பு எழுத்துப் பலகை

நாலு நாள் கழித்துப் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். தண்டலத்தில் பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன். வாசலில் சிவப்பு எழுத்தில் கேஷுவாலிட்டி என்று பலகை. பல தரம் பார்த்த பலகைதான். அன்று அதற்குக் கீழே அப்படியே நின்றுவிட்டேன். ஃபேக்டரியில் கேஷுவல், இங்கே கேஷுவாலிட்டி. இது என்ன உறவு?

என்னிடம் ஒரு பழைய ஆங்கில அகராதி உண்டு. கல்லூரி நாளில் மூர் மார்க்கெட்டில் வாங்கியது, முன் அட்டை கிடையாது. சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் புரட்டினேன்.

லத்தீனில் விழுதல் என்று ஒரு வினை. பகடை எப்படி விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் விழுந்தது என்றால் தற்செயல். அங்கிருந்து வந்தது கேஷுவல். விழுந்தது விபரீதமானால் ஆக்சிடென்ட், அதுவும் அதே வேர். அதில் அடிபட்டவரைக் கொண்டுபோகிற இடம் கேஷுவாலிட்டி. சண்டைக்குப் போன பட்டாளத்தில் செத்தவரையும் காயம்பட்டவரையும் எண்ணுவதும் அந்தச் சொல்லால்தான். விழுந்தது நல்லதானால் சான்ஸ். தினம் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று "எதுனா சான்ஸ் கீதா மேடம்?" என்று கேட்பார்களே, அந்தச் சான்ஸும் இதே குடும்பம்தான். போலீஸ் போடுகிற கேஸ்கூட இங்கிருந்து போனதுதான். பெட்டி என்று பொருள் தருகிற கேஸ் மட்டும் வேறு வம்சமாம், அது தப்பித்தது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வீடில்லாதவர்கள் ஒரு ராத்திரி படுத்து எழுந்து போக இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே வந்து படுக்கிறவர்களுக்கும் கேஷுவல் என்றுதான் பெயர். காலையில் கல்லுடைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அந்த வரியைப் படித்தபோது யாரோ எங்கள் ஃபேக்டரியைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

சரி, எங்கள் மேனேஜரும் கேஷுவல்தானே. சனிக்கிழமை அவர் போட்டு வருகிற காலர் வைத்த பனியனுக்கு அந்தப் பெயர். வருஷத்துக்கு இத்தனை நாள் சும்மா வீட்டில் இருந்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறாரே, அந்த லீவுக்கும் அதே பெயர். அந்த லீவை என் அகராதியில் தேடிப் பார்த்தேன், இல்லை. நம் ஆபீஸ்கள் பெற்ற பிள்ளை போலிருக்கிறது. நம் அரசாங்கம் அதற்குத் தமிழில் தற்செயல் விடுப்பு என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தற்செயலாம். ஒன்பது வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், தீபாவளி போனஸ் இல்லாமல், ஒரு மனுஷன் தற்செயலாகவா சைக்கிளில் வந்து அதே மெஷின் முன்னால் நின்றார்? விழுந்து விழுந்து உழைத்தவருக்கு இப்படி ஒரு பெயரை ஒட்டி, அந்தப் பெயர் ஒட்டியிருப்பதாலேயே அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்களே, இவர்கள் சோற்றைத்தான் தின்கிறார்களா? ராத்திரி சாப்பிடாமல் இதையே பொருமிக்கொண்டிருந்தேன். அப்பா, "சொல்லுக்கெல்லாமா இவ்வளவு கோவம்" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

வெளியாள்

மறுநாள் மேனேஜர் அறையிலிருந்து செய்தி வந்தது. கன்னியப்பன் என்று ஒருவர் நம் மஸ்டரிலேயே இல்லை. யாரோ வெளியாள் அத்துமீறி உள்ளே நுழைந்து மெஷினில் கை வைத்துவிட்டார். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கன்னியப்பனின் கைக்கு இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி இருந்தது. விபத்து அவர் பெயரில் பதிவானால்தான் தொழிலாளர் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும், பிறகு பிழைக்க மாதாமாதம் ஏதோ கொடுக்கும். பதிவாகாவிட்டால் ஒன்றும் கிடையாது. அதோடு அத்துமீறி நுழைந்தார் என்று போலீசில் கொடுப்போம் என்றும் மிரட்டினார்கள்.

சரோஜா என் வீட்டுக்கு வந்தார். வாசலோடு நின்றுகொண்டு, "ஒம்போது வருசம் சோறு கட்டிக் குடுத்தேன் மேடம். எந்தக் கம்பெனிக்குக் குடுத்தேன்னு கேக்கறாங்க. நீங்கதான தெனம் எழுதுவீங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பிரமாதமான ஆங்கிலம். கேஷுவல் என்ற சொல்லின் பூர்வீகத்தைக்கூட அதில் ஒரு பத்தி எழுதினேன். ஆனால் என் கையெழுத்து தெரிந்துவிடுமே என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து அடித்தேன். கீழே கன்னியப்பனின் இடது கட்டைவிரல் ரேகை. என் பெயர் எங்கேயும் இல்லை.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, வடக்குப்பட்டு ஏழுமலைக்கு பர்மனென்ட் ஆர்டர் டைப் அடிக்க வேண்டும். மஸ்டரில் உள்ள ஏழுமலை இவர்தான், இரண்டு கையும் நன்றாக இருக்கிறது என்று காட்டப் போகிறார்களாம். இரண்டாவது, "பாருங்கம்மா, மஸ்டர்ல இருக்கறது உங்க கையெழுத்து. பொய்ப் பேரு எழுதினது யாருன்னு கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். ஆர்டரையும் டைப் அடித்தேன்.

கையெழுத்து

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மேனேஜர் அறையில் உட்கார்ந்து மஸ்டரைப் புரட்டினார். எதிரே பெஞ்சில் கன்னியப்பன், கையில் கட்டு. மேனேஜருக்குப் பக்கத்தில் ஏழுமலை. மடிப்புக் கலையாத புது யூனிஃபார்ம் சட்டை, பையில் நான் அடித்த ஆர்டர். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சரோஜாவைக் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை.

"இதை எழுதறது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்."

"பிரஸ் ஷாப்ல ஏழுமலைன்னு தினம் கையெழுத்து இருக்கு. போட்டது இந்த ரெண்டு பேர்ல யாரும்மா?"

எவ்வளவு எளிதான கேள்வி. ஒரு விரலை நீட்டினால் போதும். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடுதான் பார்த்தார்.

"ரெஜிஸ்டர்ல இருக்கறபடிதான் சார்" என்றேன்.

இது என்ன பதில்? இதற்கு என்ன அர்த்தம்? அத்தனை சொல்லுக்கும் வேர் தேடியவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கன்னியப்பன் பக்கம் நகர்த்தினார். "நீங்கதான் போட்டதுன்னா, இதே மாதிரி ஒரு தரம் போட்டுக் காட்டுங்க."

கன்னியப்பன் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தாளின் மேல் வைத்தார். அதில் பேனா பிடிக்க எதுவும் இல்லை. "இந்தக் கையாலதான் சார் போட்டேன்" என்றார். பிறகு, "எடது கையால போடட்டா?"

"அது ஒத்து வராதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலும் இறங்கியிருந்தது.

மேனேஜர் தாளை இந்தப் பக்கம் இழுத்தார். "இவன் போடுவான் சார். போடு ஏழுமலை." ஒரு வாரமாக அந்தக் கையெழுத்தை அப்படியே போடப் பழக்கியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாதிரிக்கு மஸ்டரைக் கேட்டு வாங்கிப் போனதே என் மேஜையிலிருந்துதான்.

ஏழுமலை பேனாவை எடுத்தார். "ஏ" போட்டார். அதோடு நிறுத்தினார். தாள் போன பிறகும் மாமனின் கட்டுப் போட்ட கை மேஜை மேல் அங்கேயே இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்த ஆர்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சார், எம் பேரு ஏழுமலதான். ஆனா இந்தக் கேட்டுக்குள்ள நான் இன்னிக்குத்தான் மொத மொத கால் வச்சிகீறேன். பேர நான் குடுத்தேன். ஒழச்சது மாமா. கை போனதும் அவருக்குத்தான். இவங்க எனக்கு வேல தரேன்னாங்க, நானும் சரின்னு வந்துட்டேன். இப்ப முடியல சார்."

"டேய்" என்றார் மேனேஜர்.

"இன்னா சார், டேய்? நான் ஒங்க ஆளு இல்ல" என்றார் ஏழுமலை, சத்தம் போடாமல்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது நிஜமாம்மா?"

"ஆமாம் சார்" என்றேன். அப்போது சொன்னேன். ஒருவர் தன் பிழைப்பை எடுத்து மேஜை மேல் வைத்த பிறகு, எனக்கு மிச்சமிருந்த வேலை தலையாட்டுவது மட்டும்தான். இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தை வரி வரியாக எழுதி, கீழே என் கையெழுத்தை வாங்கினார். ஏழுமலை சொன்னதை அவர் எழுதவில்லை. ஏழுமலை கம்பெனி ஆள் இல்லையே, மஸ்டர் எழுதுகிறவர் சொன்னால் போதும் என்றார்.

விபத்துப் பதிவேட்டில் கன்னியப்பன் என்ற பெயர் ஏறியது. தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், மீதி ஆபரேஷனும் நடந்தது. என்னை ஜெயிலில் போடவில்லை. ஆறு மாதத்தில் ஏதோ காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஏழுமலைக்கு அந்தச் சாலையில் எந்தக் கம்பெனியிலும் கடைசிவரை வேலை கிடைக்கவில்லை. மேனேஜர் எல்லாக் கேட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்காலம் நான் வெளியே வந்தபோது சரோஜா கேட் அருகிலேயே நின்றிருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். பக்கத்தில் கன்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், முகத்தைத் துடைத்தபடி. ஏழுமலை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடம் சொல்லிட்டாங்கக்கா. அவங்க சொன்னததான் அந்தாளு எழுதிகினாரு."

சரோஜா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் மேடம் காப்பாத்துனீங்க. இன்னொருத்தரு சொல்வாங்களா?"

இல்லை, உன் தம்பிதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏழுமலை பக்கத்திலேயே நிற்கிறார். கன்னியப்பன் நடந்த அத்தனையும் பார்த்தவர். இருவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான், "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.